பொருந்தாத பிரேக்கும் எழுதாத ரசீதும்

பழைய சைக்கிளில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று கடைக்குப் போகிறவர்கள் பலர், போனதைவிட ஆபத்தான வண்டியோடு வீடு திரும்புகிறார்கள். அப்பா ஓட்டிய கறுப்பு வண்டியில் கம்பி பிரேக்கைக் கழற்றிவிட்டு ஒயர் பிரேக் மாட்டிக்கொண்டு வருகிறவர் ஒருவர். மகளின் வண்டிக்கு ‘பவர் பிரேக்’ போடச் சொல்லிவிட்டு, “லிவர் நல்லாத்தானே இருக்கு, அது அப்படியே இருக்கட்டும்” என்கிறவர் இன்னொருவர். பின்சக்கரம் கோணிப்போனதும் “26 சக்கரம் ஒண்ணு குடுங்க” என்று கேட்டு வாங்கிப் பூட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. முன் பிரேக் பிடித்தால் ஆளைத் தூக்கியடித்துவிடும் என்று அதைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடுகிறவர்களும் உண்டு. கடை வாசலில் நிறுத்தி லிவரை மெல்ல அழுத்தும்போது எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தோன்றும். மழையில் நனைந்த பாலத்து இறக்கத்தில், கேரியரில் அரிசி மூட்டையோ பேத்தியோ இருக்கும்போதுதான் உண்மை தெரியும்.

பிரேக் என்பது ஒரு தனிப் பாகம் அல்ல. ரிம், கட்டை, கட்டையைத் தாங்கும் கை, ஒயர் அல்லது கம்பி, லிவர் ஆகிய ஐந்தும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்த ஒரு செட். அதில் ஒன்றை மாற்றினால் மற்ற நான்கும் அதற்கு ஒத்துவருகின்றனவா என்று பார்த்தாக வேண்டும். மாற்றியது என்ன என்பதை ரசீதில் எழுதி வாங்கியாக வேண்டும். இந்த இரண்டையும் இந்தக் கட்டுரையில் திரும்பத் திரும்பச் சொல்வேன். முதலாவதைக் கடைக்காரர்கள் அலட்சியப்படுத்துகிறார்கள், இரண்டாவதை நாம்.

கறுப்பு வண்டியில் தொடங்குகிறேன். ஹீரோ, அட்லஸ், ஹெர்குலிஸ், ராலே என்று எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் அமைப்பு ஒன்றுதான். லிவரை அழுத்தினால் கம்பிகள் நகர்ந்து, லாட வடிவில் இருக்கும் ஒரு வளைவை இழுக்கும். அதன் இரு முனைகளிலும் உள்ள கட்டைகள் ரிம்மின் உள்முகத்தை, அதாவது போக்ஸ் கம்பிகள் கிளம்பும் பக்கத்தை, அழுத்தும். ரிம்மின் பக்கவாட்டை இந்தக் கட்டைகள் தொடுவதே இல்லை. அதனால்தான் அந்த ரிம்மின் பக்கங்கள் உருண்டையாக வளைந்திருக்கின்றன. வெஸ்ட்வுட் ரிம் என்று இதற்குப் பெயர்.

ஒயர் பிரேக்கின் காலிப்பர் கட்டைகள் பிடிப்பதோ பக்கவாட்டில். அவற்றுக்குத் தட்டையான பக்கம் வேண்டும். உருண்டையான வெஸ்ட்வுட் ரிம்மில் காலிப்பரை மாட்டினால் கட்டையின் ஒரு விளிம்பு மட்டும் ஒரு கோடு அகலத்துக்குத் தொடும். பலமாக அழுத்தினால் கட்டை வளைவில் வழுக்கி, மேலே ஏறினால் டயரை அறுக்கும், கீழே இறங்கினால் கம்பிகளுக்குள் நுழையும். இது ‘கொஞ்சம் சுமாரான பிரேக்’ இல்லை. இதைப் பிரேக் என்றே சொல்ல முடியாது. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள், செய்து தரும்படி கடைக்காரரை வற்புறுத்தவும் செய்யாதீர்கள்.

உங்கள் ரிம் எந்த வகை என்று தெரிந்துகொள்ளப் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று போதும். ரிம்மின் பக்கத்தில் ஸ்கேலின் விளிம்பை, சக்கரத்தின் நடுவை நோக்கியபடி நிறுத்திப் பாருங்கள். கட்டையின் அகலம் முழுவதற்கும் இடைவெளி இல்லாமல் படிந்தால் காலிப்பருக்கு ஏற்ற ரிம். இரண்டு ஓரமும் விலகி நடுவில் மட்டும் தொட்டால் வெஸ்ட்வுட். இரண்டு விதப் பிரேக்குக்கும் பொருந்தும்படி, பக்கம் தட்டையாகவும் உள்முகம் கட்டைக்கு இடம் விட்டும் செய்த ரிம்களும் உண்டு. ஆனால் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

அப்படியானால் ரிம்மையே மாற்றிவிடலாமே என்பீர்கள். மாற்றலாம், ஆனால் கணக்குப் போட்டுவிட்டு. கறுப்பு வண்டியின் 28 x 1½ டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மி.மீ. இப்போது ஊரெங்கும் கிடைக்கும் 700சி சக்கரத்துக்கு அது 622 மி.மீ. ஆரத்தில் ஆறரை மி.மீ. வித்தியாசம். அந்த அளவுக்குக் கட்டை இன்னும் கீழே இறங்கினால்தான் ரிம்மைத் தொடும். அதோடு இந்த வண்டிகளில் வழக்கமாக முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. புது ரிம்கள் பலவற்றில் 36 துளை. அப்படியென்றால் ஹப்பும் மாற வேண்டும். இதற்குப் பிறகு காலிப்பரின் போல்ட் நுழைய ஃபோர்க்கின் தலையில் துளை இருக்க வேண்டும். துளை இல்லாத பழைய ஃபோர்க்கில் டிரில் போட்டுத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். அந்த இடம் பிளந்தால் பிரேக்கைப் பற்றிக் கவலைப்பட நேரமே இருக்காது.

என் கருத்தைக் கேட்டால், கறுப்பு வண்டியில் கம்பி பிரேக்கையே ஒழுங்காக வைத்துக்கொள்வதுதான் நல்லது. அட்லஸ் கம்பெனி தன் சாகிபாபாத் ஆலையை 2020 ஜூன் 3 அன்று, உலக சைக்கிள் தினத்தில், மூடியதும் ‘இனி பார்ட்ஸ் வராது’ என்று பயந்து பலர் பிரேக்கைப் பிடுங்கினார்கள். தேவையில்லாத பயம். இந்த வண்டிகளின் பிரேக் சாமான் ஒரே மாதிரியில் பல பெயர்களில் விற்கிறது. கட்டை தேய்ந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். கட்டையின் முகம் ரிம்மில் முழுதாகப் படிகிறதா, நிப்பிள்களில் இடிக்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். முக்கியமாக, லாடத்தை ஃபோர்க்கோடு பிடித்து வைத்திருக்கும் சின்ன வழிகாட்டிக் கிளிப்புகள் இறுக்கமாக இருக்க வேண்டும். அவை கழன்றால் லாடம் ஆடி முன்சக்கரக் கம்பிக்குள் சிக்கும். சக்கரம் அந்த இடத்திலேயே நின்றுவிடும், ஓட்டுகிறவர் நிற்கமாட்டார்.

அடுத்தது ‘பவர் பிரேக்’. கடைக்காரர்கள் இப்படிச் சொல்வது வி பிரேக்கைத்தான். ஷிமானோ இதை 1996-ல் கொண்டுவந்தது. இரண்டு நீளமான கைகள் ஃபோர்க்கின் இருபுறமும் நிமிர்ந்து நிற்கும், ஒயர் ஒரு வளைந்த குழாய் வழியாக மேலே குறுக்காக ஓடும். நல்ல பிரேக், சந்தேகமே இல்லை. ஆனால் அது வேலை செய்ய, பழைய காலிப்பருக்கோ, கைகள் ஃபோர்க்கின் முளைகளில் உட்காரும் பழைய கான்டிலீவர் பிரேக்குக்கோ தேவைப்படுவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஒயரை லிவர் இழுத்துத் தர வேண்டும். அதற்கென்றே செய்த லிவர் தனி. கடையில் பார்த்தால் இரண்டு லிவரும் ஒரே மாதிரி இருக்கும், ஒரே விலையில்கூடக் கிடைக்கும். வினை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பழைய லிவரில் வி பிரேக்கை மாட்டினால், கட்டை ரிம்மை முழுதாகப் பிடிப்பதற்குள் லிவர் ஹேண்டில்பாரில் போய் முட்டும். இதை மறைக்க மெக்கானிக் கட்டைகளை ரிம்மை உரசுகிற அளவுக்கு நெருக்கி வைப்பார். ஒரு வாரம் ஓடும். கட்டை கொஞ்சம் தேய்ந்ததும், அல்லது சக்கரத்தில் சிறிய கோட்டம் விழுந்ததும், கதை முடிந்தது.

இதற்கு நேர்மாறானது இன்னும் மோசம். வி பிரேக் லிவரில் பழைய காலிப்பரையோ கான்டிலீவரையோ இணைத்தால், லிவர் கைக்குக் கிண்ணென்று இறுக்கமாக இருக்கும். அழுத்திப் பார்ப்பவர் “சூப்பரா இருக்கு” என்பார். அந்த இறுக்கம் ஏமாற்று. கையின் பலம் ரிம்முக்குப் போய்ச் சேர்வதில்லை, வண்டி நிற்காது. கையில் இறுக்கமாகத் தெரிவதை வைத்து எந்தப் பிரேக்கையும் நம்பாதீர்கள்.

லிவர் எந்த வகை என்று கண்டுபிடிக்க, அது ஆடும் ஆணியிலிருந்து ஒயரின் குண்டு உட்காரும் இடம்வரை அளந்து பாருங்கள். பழைய வகையில் சுமார் 2 செ.மீ. இருக்கும், வி பிரேக் லிவரில் சுமார் 3 செ.மீ. அல்லது அதற்கும் மேல். சில லிவர்களில் இரண்டு நிலைக்கும் மாற்றி வைக்க வசதி உண்டு. அப்படியென்றால் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தே தீர வேண்டும்.

கான்டிலீவரும் வி பிரேக்கும் ஃபோர்க்கில் ஒரே மாதிரி முளைகளில்தான் உட்காருகின்றன. அதனால் ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்டுவது பத்து நிமிட வேலை. சுலபமாக மாட்ட முடிகிறது என்பதாலேயே சரியாகப் பொருந்திவிட்டது என்று நினைக்கிறார்கள். மாட்ட முடிவது வேறு, பொருந்துவது வேறு. 80-களின் பிற்பகுதியில் வந்த சில வெளிநாட்டு மலைச் சைக்கிள்களிலும், இப்போதுள்ள பி.எம்.எக்ஸ். வண்டிகள் பலவற்றிலும் இருக்கும் யூ பிரேக்குக்கு முளைகள் ரிம்முக்கு மேலே இருக்கும், வி பிரேக்குக்கோ ரிம்முக்குக் கீழே. அங்கே ஒன்றின் இடத்தில் இன்னொன்றை நினைத்தே பார்க்கக் கூடாது.

காலிப்பரிலும் ஒரு அளவு இருக்கிறது. ஃபோர்க்கில் போல்ட் நுழையும் துளையின் நடுவிலிருந்து ரிம் பக்கவாட்டின் நடுவரை நேராக அளந்தால் கிடைப்பதை ரீச் என்பார்கள். ரேஸ் சைக்கிள்களின் காலிப்பர் 39 முதல் 49 மி.மீ. வரை எட்டும், அதற்கு அடுத்த வகை 47 முதல் 57 வரை. மட்கார்டு போட்ட நம் வண்டிகளுக்குப் பெரும்பாலும் அதற்கும் நீளமானது வேண்டும். எட்டாத காலிப்பரின் பள்ளத்தை அரத்தால் ராவி நீட்டித் தருகிற வித்தை சில கடைகளில் நடக்கிறது. அந்தக் கை உடைவதற்கு நாள் குறித்துக் கொடுக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

சக்கரம் மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘26’ என்று சொன்னால் அது ஒரு அளவு இல்லை. 26 x 1⅜ டயருக்கு ரிம் விட்டம் 590, தடித்த மலைச் சைக்கிள் டயருக்கு 559. இடையில் 584, 571 என்றும் உண்டு. நான்குமே கடையில் ‘26’தான். 590 இருந்த இடத்தில் 559 சக்கரத்தைப் பூட்டினால் ரிம் பதினைந்தரை மி.மீ. கீழே போய்விடும், கட்டை டயரின் பக்கத்தில் உரசும், டயர் ஓடும்போதே வெடிக்கும். டயரின் பக்கவாட்டில் 37-590, 40-635 என்பதுபோல அச்சடித்திருக்கும். கோட்டுக்குப் பின்னால் இருக்கும் மூன்று இலக்க எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

கட்டையில் இருவிதத் தவறுகள். ஒன்று, திசை. உலோகக் கூட்டுக்குள் ரப்பரைச் செருகும் வகையில் கூட்டின் ஒரு முனை மூடியும் ஒரு முனை திறந்தும் இருக்கும். ஃபோர்க்கிலும் இருக்கைக்குக் கீழே வரும் குழாய்களிலும் மாட்டிய ஒயர் பிரேக்கில், மூடிய முனை வண்டியின் முன்பக்கம் பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டினால், வேகத்தில் பிரேக் பிடித்த கணத்தில் ரப்பர் உருவிக்கொண்டு ரோட்டில் விழும், கூடு மட்டும் ரிம்மைக் கீறிக்கொண்டிருக்கும். இரண்டாவது, ரிம்மின் உலோகம். முலாம் பூசிய எஃகு ரிம் நனைந்தால் எந்த ரப்பரும் சரியாகப் பிடிப்பதில்லை. அந்த ரிம்முக்கென்றே முகத்தில் தோல் பதித்த கட்டைகள் முன்பு விற்றன. வீட்டுப் பரணில் கிடைத்தாலும் அவற்றை அலுமினிய ரிம்மில் போடாதீர்கள். எந்த ரிம் என்று தெரியாவிட்டால் காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் எஃகு. எஃகு ரிம் வைத்திருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் வெகுதூரம் முன்கூட்டியே பிரேக்கை லேசாகப் பிடித்து ரிம்மின் ஈரத்தைத் துடைத்துக்கொண்டே வர வேண்டும். அலுமினிய ரிம்மிலோ, பக்கம் உள்வாங்கிக் குழிந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. புதுக் கட்டை போட்டு அதைக் காப்பாற்ற முடியாது.

ஒயரில் ஒரே எச்சரிக்கை, ஆனால் பெரியது. கியர் ஒயரின் அவுட்டரைப் பிரேக்குக்குப் போடாதீர்கள். கியர் அவுட்டருக்குள் மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் ஓடுகின்றன, தடிமன் பெரும்பாலும் 4 மி.மீ. பிரேக் அவுட்டரில் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும், தடிமன் 5 மி.மீ. பிரேக்கின் இழுப்பை கியர் அவுட்டர் தாங்காது, அவசரத்தில் முழு பலத்தோடு அழுத்தும்போது முனை பிளந்துவிடும். கடையில் கை எட்டும் இடத்தில் இருந்த துண்டை வெட்டிப் போடுவது சகஜமாக நடக்கிறது. வெட்டிய முனையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பிரேக்குக்கு கியர் அவுட்டர் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

முன் பிரேக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்குப் போகிறது, பின்சக்கரம் லேசாகி வழுக்குகிறது. நிறுத்தும் வேலையின் பெரும்பங்கை முன் பிரேக்தான் செய்கிறது. அதைக் கழற்றிவிட்டால் நிற்க வேண்டிய தூரம் வெகுவாகக் கூடும். சைக்கிள் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 4210 தரம், முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று என்று தனித்தனியே இயங்கும் இரண்டு பிரேக் கேட்கிறது. தூக்கியடிக்கிறது என்றால் காரணம் முன் பிரேக் இருப்பது இல்லை. சரியான லிவர் இல்லாததும், பிடிக்கும்போது உடம்பைப் பின்னுக்குச் சாய்க்காததும், இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்காததும்தான். முன் பிரேக்கைக் கழற்றாதீர்கள். பிள்ளைகளின் வண்டியில் கண்டிப்பாகக் கழற்றாதீர்கள்.

பழைய வண்டியில் மோட்டாரும் பேட்டரியும் பூட்டிக்கொள்கிறவர்கள் இப்போது கூடிவருகிறார்கள். கிட்டோடு வரும் லிவரை, அதைப் பிடித்தால் மோட்டார் நின்றுவிடும் என்பதற்காகவே மாட்டுகிறார்கள். அது எந்த வகைப் பிரேக்குக்கான லிவர் என்று யாரும் பார்ப்பதில்லை. மிதித்துப் போகிற வேகத்துக்குச் செய்த கம்பி பிரேக்கை நம்பி, பேட்டரி எடையும் சேர்ந்த வண்டியை மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் ஓட்டுவது தற்கொலைக்குச் சமம்.

வேலை முடிந்ததும் கடையை விட்டு நகரும் முன் மூன்று சோதனை. இரண்டு லிவரையும் முழு பலத்தோடு அழுத்துங்கள், ஹேண்டில்பாருக்கும் லிவருக்கும் இடையே ஒரு விரலாவது நுழைய வேண்டும். இறங்கி நின்று வண்டியை முன்னே தள்ளிக்கொண்டே முன் பிரேக்கைப் பிடியுங்கள், பின்சக்கரம் தூக்க வேண்டும். பின் பிரேக்கைப் பிடித்துத் தள்ளுங்கள், பின்சக்கரம் உருளாமல் இழுபட வேண்டும். ஒன்று தவறினாலும் காசு கொடுக்காதீர்கள்.

இனி ரசீது. சைக்கிளுக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வேலை இல்லை, எஃப்.சி. இல்லை. ஒரு காலத்தில் வரி வில்லை வாங்காத சைக்கிளைப் பிடித்து நிறுத்திய உள்ளாட்சிகள், பிரேக் இல்லாத சைக்கிளைக் கண்டுகொண்டதில்லை, இன்றும் கண்டுகொள்வதில்லை. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த பிறகு உங்கள் வண்டியின் பிரேக்கை எந்த அதிகாரியும் தொட்டுப் பார்க்கப்போவதில்லை. ஆகவே உங்களிடம் இருக்கும் ஒரே பாதுகாப்பு, 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதைப் பயன்படுத்தக் கையில் காகிதம் வேண்டும்.

ரசீது தராமல் இருப்பதே அந்தச் சட்டத்தின் 2(47) பிரிவின்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. “இதுக்கெல்லாம் பில்லா?” என்று சிரித்தால் இதைச் சொல்லுங்கள். ரசீதில் தொகையை மட்டும் எழுதி வாங்கிப் பயனில்லை. ‘பழைய காலிப்பர் நீக்கி, முன்புறம் வி பிரேக், அதற்குரிய லிவருடன், ரிம் மாற்றவில்லை’ என்று இந்த அளவுக்கு விவரம் வேண்டும். தேதி, கடைப் பெயர், கையெழுத்து. மரத்தடி மெக்கானிக்கிடம் ரசீதுப் புத்தகம் இருக்காது. பரவாயில்லை, பணத்தைப் போனில் அனுப்பி, குறிப்புப் பகுதியில் என்ன வேலை என்று எழுதுங்கள், மாட்டிய பிரேக்கைப் படம் எடுத்து அவருடைய எண்ணுக்கே அனுப்பிவையுங்கள். அவரை மிரட்ட இல்லை. எழுதப்போகிறோம் என்று தெரிந்தால் அவரும் ஒரு தடவை கூடுதலாகப் பார்த்து மாட்டுவார்.

இந்த விவரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், சட்டத்தின் 86, 87 பிரிவுகள். விற்பனையாளரே பொருளை மாற்றியமைத்து, அந்த மாற்றமே காயத்துக்கு முக்கியக் காரணமானால் அவர் பொறுப்பு என்கிறது 86. ஆனால் விபத்து நடந்தபோது பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தால் விற்பனையாளர் மேல் பொருள் பொறுப்பு வழக்குப் போட முடியாது என்கிறது 87. யார் மாற்றியது என்பதுதான் வழக்கின் உயிர். ரசீதில் எழுதியிருந்தால் கடை மாற்றியது. எழுதவில்லை என்றால், நீங்கள் வீட்டில் மாற்றிக்கொண்டீர்கள் என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிடுவார். காசு வாங்கிக்கொண்டு மாட்டிக்கொடுத்த மெக்கானிக் சேவை வழங்குபவர். பொருந்தாததை மாட்டியிருந்தால் அது சேவைக் குறைபாடு.

பொருந்தவில்லை என்று வீட்டுக்கு வந்ததும் தெரிந்தால் உடனே திரும்பிப் போங்கள். ரசீதில் வேறு காலம் குறிப்பிடாவிட்டால், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெறுவதற்கு 30 நாள் அவகாசம் சட்டத்தில் இருக்கிறது. அதற்குள் மறுப்பதும் 2(47)-ன் கீழ்தான் வரும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று கடையில் எழுதித் தொங்குவதைப் பார்த்து ஒதுங்காதீர்கள். இணையத்தில் வாங்கியிருந்தால், 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

கட்டையோ ஒயரோ வாங்கும்போது உறையைப் பாருங்கள். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு இவை இருந்தாக வேண்டும், 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் கேட்கின்றன. இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் போக வேண்டிய இடம் மாவட்டத்திலுள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். தொழிலாளர் அலுவலகத்துக்கும் பிரேக் கட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று நுழைவாயிலிலேயே உங்களைத் திருப்பி அனுப்பப் பார்க்கலாம். சட்டமுறை எடையளவு அமலாக்கம் அவர்களுடைய வேலை என்று சொல்லி, உறையின் நகலோடு மனுவைக் கொடுத்து, இன்னொரு பிரதியில் முத்திரை வாங்காமல் வராதீர்கள்.

விழுந்து அடிபட்டுவிட்டால் பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்று உண்டு. மருத்துவமனையில் ‘எப்படி நடந்தது’ என்று கேட்கும்போது “வண்டியில இருந்து விழுந்துட்டேன்” என்கிறார்கள். விபத்துப் பதிவேட்டில் அதுதான் ஏறும், பிறகு அதை மாற்ற முடியாமல் அலைவார்கள். பிரேக் பிடிக்காமல் விழுந்திருந்தால் அதையே சொல்லுங்கள். அந்தப் பதிவேட்டின் (ஏ.ஆர்.) நகலைக் கேட்டு வாங்குங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது பெறுங்கள். “சைக்கிள்ல தானா விழுந்ததுக்கு என்ன புகார்” என்று கேட்பார்கள். எழுதிக்கொடுத்துவிட்டு ரசீதுக்காக அங்கேயே நில்லுங்கள். வண்டியை அன்றைக்கே ரிப்பேருக்கு விடாதீர்கள். பிளந்த அவுட்டர், உருவிய கட்டை, முட்டிய லிவர் எல்லாம் இருந்தபடியே படம் எடுங்கள். பிறகு கழற்றினால் ஒரு பையில் போட்டு, தேதி எழுதி வையுங்கள். மோட்டார் வாகனம் மோதிய விபத்தாக இருந்தாலும் இது தேவை. உங்கள் வண்டியில் பிரேக்கே இல்லை, தவறில் உங்களுக்கும் பங்குண்டு என்று வாதாடி இழப்பீட்டைக் குறைக்கப் பார்ப்பார்கள்.

பிறகு கடைக்கு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம். என்ன வேலை, எந்தத் தேதி, என்ன பொருந்தவில்லை, என்ன நடந்தது, எவ்வளவு கேட்கிறீர்கள், பதினைந்து நாளில் பதில். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதியலாம், சில கடைகள் அதற்கே இறங்கி வரும். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, சைக்கிள் வேலை அந்த எல்லையைத் தொடப்போவதில்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. புகார் மனு, தேதிவாரியான குறிப்பு, உறுதிமொழிப் பத்திரம், ரசீது, கடித நகல், ஏ.ஆர். நகல், மருத்துவச் செலவுச் சீட்டுகள், படங்கள் இவற்றை எதிர்த்தரப்பு எத்தனை பேரோ அதற்கேற்ற பிரதிகளோடு கொடுங்கள். இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் பதியலாம். எழுதத் தெரியாதவர்கள் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், தொலைபேசி 15100.

கால வரம்பு இரண்டு ஆண்டு. பொருளைச் சோதிக்கத் தேவையில்லாத வழக்கை எதிர்த்தரப்பு நோட்டீஸ் பெற்றதிலிருந்து 3 மாதத்திலும், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று 38-வது பிரிவு சொல்கிறது. நடைமுறையில் ஆணையங்கள் அந்தக் காலக்கெடுவை மதிக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், ஒவ்வொரு வாய்தாவுக்கும் போங்கள். ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கும் நாளில், கழற்றிய பிரேக் பை உங்கள் கையில் இருக்க வேண்டும். அதைக் கடைக்காரரிடம் ‘பார்த்துட்டுத் தர்றேன்’ என்ற பேச்சுக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றவர்கள் பலர்.

பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிளைப் பெறும் பெற்றோர்களும், மேலே சொன்ன மூன்று சோதனையைப் பள்ளி மைதானத்திலேயே செய்யுங்கள். பிரேக் பிடிக்கவில்லை என்றால் தலைமை ஆசிரியரிடம் வண்டி எண்ணைக் குறித்து எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். அந்த வண்டியைப் பிள்ளை அன்று மாலையே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டாம், தள்ளிக்கொண்டு வரட்டும்.